மாத்திரை இலவசம்தான், ஆனாலும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த, தொற்றாநோய்களை அளக்கும் ஸ்டெப்ஸ் (STEPS) கணக்கெடுப்பு ஒரு சங்கடமான எண்ணைக் கொண்டுவந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை நோயில் 10.8 சதவீதம். ஆஸ்பத்திரியே எட்டாத ஒரு மாநிலத்தில் இப்படி இருந்தால் வியப்பில்லை. இங்கே கதை வேறு. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பிவருகிறது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் உலகிலேயே மலிவான மாத்திரைகளில் சேர்ந்தவை. அரசு நிலையத்தில் அதற்கும் காசில்லை. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. அப்படியும் நூற்றில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இதில் ஒரு பகுதியினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைவிடச் சிக்கலானவர்கள், தெரிந்து, மாத்திரை வாங்கி, சில மாதம் சாப்பிட்டு, பிறகு நிறுத்தியவர்கள்.

நிறுத்துகிறவர்களை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நம் மருத்துவத் துறையின் பழைய பழக்கம். அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் நிறுத்துவதுதான் நியாயமாகத் தெரியும். பிரஷருக்கு வலி கிடையாது. சர்க்கரை ஏறினாலும் பல ஆண்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதாகத் தெரியாது. மாத்திரை போட்டால் இன்றைக்கு ஒரு நன்மையும் தெரியாது. போடாவிட்டால் இன்றைக்கு ஒரு கெடுதலும் தெரியாது. மாறாக, மாத்திரை வாங்கப் போகிற நாளுக்கு விலை உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வயதானவர் என்றால் கூடப் போக ஓர் ஆள் வேண்டும், அவருடைய சம்பளமும் போகும். காய்ச்சலுக்கும் கர்ப்பத்துக்கும் வந்தவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவும் செய்து, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஒருவர் மாதாமாதம் வாங்கி வருவது, இன்னும் பத்து வருடம் கழித்து வரக்கூடும் என்று யாரோ சொல்கிற பக்கவாதத்தைத் தடுப்பதற்கு. இதைத் தனியாளாக ஆண்டுக்கணக்கில் செய்ய அசாத்திய மன உறுதி வேண்டும். படித்தவர்களிடமும் அது இல்லை என்பதை எந்தத் தனியார் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

நாட்பட்ட நோய் என்பது பாதிக்கு மேல் சமூகப் பிரச்சினை. மருந்தைக் கொடுப்பது மருத்துவத்தின் வேலை. அந்த மருந்தோடு இருபது வருடம் குடித்தனம் நடத்துவதற்கு வீடும் தெருவும் வேண்டும்.

தமிழ்நாடு இதை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. 2007-ஐ ஒட்டி, உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ரத்த அழுத்தத்துக்கும், தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுக்கும் முன்னோட்டமாகப் பரிசோதனை தொடங்கினார்கள். 2012-இலிருந்து அது மாநிலம் முழுக்கப் போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றாநோய்க்கென்று தனியாக ஒரு செவிலியர் உட்கார்ந்தார். வேறு எதற்கோ வந்தவருக்கும் பிரஷர் பார்த்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வந்தவர்களைத்தான் அது பிடித்தது. வராதவர்களையும், வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களையும் தேடிப்போக அதற்குக் கால் இல்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றதும் வழக்கமாக வருகிறவர்களுமே விட்டுப்போனார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் இந்த இடத்தில்தான் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2024 செப்டம்பரில் ஐ.நா.வின் தொற்றாநோய்களுக்கான பல்துறைப் பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது. விருதுச் செய்திகளில் பெரும்பாலும் 'வீடு தேடி மாத்திரை' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்குத் தபால்காரர் போதும். திட்டத்தின் சூட்சுமம் யார் கொண்டுவருகிறார் என்பதில் இருக்கிறது.

கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அதே ஊராட்சியில், மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு பெண். பெண் சுகாதாரத் தன்னார்வலர் என்று அவருக்குப் பெயர். மாநிலம் முழுக்க இப்படி 10,000-க்கும் மேற்பட்டவர்கள். கையில் பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், ஒரு பட்டியல். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். 140-க்கு 90-ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். மருந்தை முடிவு செய்வது அங்குள்ள மருத்துவர். அதன்பின் மாதாமாதம் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அளவு பார்ப்பதும் இவர் வேலை. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் முன்னுரிமை. இவருக்கு மேலே துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர். வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரும் (முற்றிய நோயில் வேதனையைக் குறைத்துப் பராமரிப்பவர்) ஓர் இயன்முறை சிகிச்சையாளரும் வண்டியில் சுற்றுவார்கள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவருக்குக் கைகால் பயிற்சி, படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் கழுவிக் கட்டுவது, சிறுநீரகம் பழுதாகி வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குத் திரவப் பைகள், எல்லாம் இதில் உண்டு.

இனி அந்தத் தன்னார்வலர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். டாக்டர் கேட்கிற கேள்வி, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" எல்லோரும் சொல்கிற பதில், "சாப்பிடுறேன் டாக்டர்." அடுத்தவர் வந்தாயிற்று. இந்தப் பெண் அடுப்படிவரை வந்து மாடத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏன் அத்தை, போன மாசத்து மாத்திரையே இவ்வளவு மிச்சம் கிடக்கு?" என்று கேட்பார். அத்தை அதற்கு டாக்டரிடம் சொல்லாத பதிலைச் சொல்வார்: அதைப் போட்டால் கால் வீங்குகிறது, காட்டு வேலையில் அடிக்கடி ஒன்றுக்குப் போக இடமில்லை, பேத்தி சடங்குக்கு ஊருக்குப் போனதில் மறந்துவிட்டது, மருமகள் சொன்ன நாட்டு மருந்தைச் சாப்பிடுகிறேன். அம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்குவது மருத்துவம் அறிந்த பக்கவிளைவுதான்; மாத்திரையை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தகவல் டாக்டரின் மேசைக்கு வந்தால்தானே மாற்ற முடியும். தெருவிலிருந்து நிலையத்துக்குத் தகவல் போகும் பாதைதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கணிப்பு. மாத்திரை அதே பாதையில் எதிர்ப்பக்கமாக வருகிறது.

இது தமிழ்நாட்டு அரசியல் மேடைப் பேச்சு இல்லை என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில், நாட்டுக்குப் பத்தாக 30 ஊர்த் தொகுதிகளில், ரத்த அழுத்தம் உள்ள 2,645 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வெளியானது. பாதித் தொகுதிகளில் வழக்கமான சிகிச்சை. மீதியில் அரசாங்கத்தின் களப் பணியாளர்களே, இலங்கையில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிப் பார்த்துவந்த அதே மருத்துவ மாதுக்கள் போன்றவர்கள், வீட்டுக்குப் போய் அளவு பார்த்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், ஏறியிருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் பிரஷர்காரர்களுக்கென்று தனி முகப்பு வைத்தார்கள், காத்திருப்பு குறைய. இரண்டு ஆண்டு முடிவில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (140-க்கு 90 என்பதில் 140), வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 5 புள்ளிக்குச் சற்று கூடுதலாக இறங்கியிருந்தது.

ஐந்து புள்ளி என்றால் சிரிக்கலாம். பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, மேல் அளவில் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்கிறது. ஓர் ஆளுக்கு அது ஒன்றுமில்லை. ஒரு மாவட்டத்துக்கு அது பல குடும்பங்களின் பிழைப்பு. அந்த மூன்று நாட்டு ஆய்வில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். களப் பணியாளர் மட்டும் போய்ப் பேசியதால் இது வரவில்லை. வீடு, டாக்டர், முகப்பு மூன்றையும் ஒன்றாகக் கோத்ததால் வந்தது. மேலே சரியான சிகிச்சை இல்லாமல் கீழே எவ்வளவு அக்கறையாகப் பேசினாலும் அளவு இறங்காது.

நோயுள்ளவர்களுக்கு ஊர் கைகொடுப்பதைப் பேசும்போது மறந்துவிடுகிற ஒரு முன்னோடி சென்னையிலேயே இருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் மருந்து கிடையாது, மருத்துவமனைகளில் தொடவே தயங்கினார்கள். 1997-இல் எச்ஐவி உள்ளவர்கள் தாங்களே சேர்ந்து சென்னையில் ஒரு தேசிய வலைப்பின்னலைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் தங்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். கணவன் இறந்தபின் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்ணுக்கு எந்த வக்கீலைப் பார்ப்பது என்பதிலிருந்து, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போராடுவதுவரை அவர்கள் செய்தார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. வாழ்நாள் முழுக்க வேளை தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதை எப்படிச் சமாளிப்பது என்று புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைவிடத் தகுதியான ஆள் யார்? கொல்லும் நோய் ஒன்று வாழ்நாள் நோயாக மாறியதில் மருந்துக்குப் பாதிப் பங்கு, இந்தச் சங்கங்களுக்கு மீதிப் பங்கு என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு வேறுபாடு இருக்கிறது. எச்ஐவி உள்ளோர் சங்கத்தில் உதவுகிறவரும் நோயுள்ளவர். மக்களைத் தேடி மருத்துவத்தில் உதவுகிறவர் பணியாளர், நோயுள்ளவர் பயனாளி. இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. பத்துக் கோடிப் பேர், ஊருக்கு ஒரு சங்கம்கூட இல்லை. சங்கம் சேர்வதற்கு ஒரு சண்டை வேண்டும். சர்க்கரைக்காரரை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை, டீக்கடையில் 'சுகர் இல்லாம ஒண்ணு' என்று சொன்னால் பக்கத்திலிருப்பவரும் 'எனக்கும்' என்கிறார். அவ்வளவு சாதாரணமாகிப்போன நோய்க்கு யார் கொடி பிடிப்பார்கள்? விதிவிலக்கு டைப் 1 சர்க்கரை நோய். சிறு வயதிலேயே இன்சுலின் போட வேண்டிய பெண் பிள்ளை, பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று பெற்றோர் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். அங்கே மட்டும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக் குழு சேர்கிறார்கள்.

மனநோயிலும் ஊர்ப் பணியாளர் பலன் தருகிறார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்துத் தமிழ்நாடு உட்பட மூன்று இடங்களில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் ஓராண்டு துணைநின்றதில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. அதிலும் தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில்தான் பலன் தெளிவாக இருந்தது. பக்கத்தில் மனநல மருத்துவரோ வேறு வசதியோ இல்லாத இடத்தில் ஒரு ஆள் வந்து போவதே பெரிய வித்தியாசம் என்று அதைப் படிக்கலாம்.

கேரளத்தின் கதை இன்னொரு வகை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சங்கம் ஆஸ்பத்திரிக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. புற்றுநோய் முற்றியவர்கள் வீட்டில் கிடக்கிறார்கள், அவர்களால் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று உணர்ந்து, 2001-இல் மலப்புரம் உள்ளிட்ட வடக்கு மாவட்டங்களில் அக்கம்பக்க வலைப்பின்னலாக அதை விரித்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தரத் தயாராக இருக்கிற யாரும் சேரலாம்: கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர். பயிற்சி முடிந்ததும் தங்கள் ஊரில் நோயுற்றோரைக் கணக்கெடுத்து, பணம் திரட்டி, செவிலியரை அமர்த்திக்கொள்வார்கள். நாளைக்கு ஒரு ரூபாய் என்று சிறுசிறு நன்கொடைகளில் பல கிளைகள் ஓடின. அரிசி வாங்கித் தருவது, பிள்ளைகளின் படிப்புக்குப் பார்ப்பது என்று மருத்துவமே இல்லாத வேலைகளும் அதில் அடங்கும். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. பிறகு ஊராட்சிகளே செவிலியரை வைத்து வீட்டுப் பராமரிப்பு நடத்தின.

கேரளத்தில் ஊர் முதலில் வந்தது, அரசு பின்னால் வந்தது. தமிழ்நாட்டில் அரசு முதலில் வந்தது; ஊர் இன்னும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும். எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலப்புரத்தில் கட்சி, பள்ளிவாசல், வாசகசாலை, வளைகுடாப் பணம் என்று ஏற்கெனவே இருந்த பின்னலில் இது ஏறி உட்கார்ந்தது. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து பெரம்பலூரில் நட முடியாது. அரசு வழி போனதால் தமிழ்நாட்டுத் திட்டம் ஓராண்டுக்குள் எல்லா மாவட்டத்துக்கும் எட்டியது, அது சிறிய விஷயமில்லை. ஆனால் நோயாளிக்கு மாத்திரை தவிர மற்றதெல்லாம், கஞ்சி காய்ச்ச ஆள் இல்லாதது, படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் மூன்று வருடமாக வேலைக்குப் போக முடியாதது, இவையெல்லாம் அரசுப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. அதற்கு ஊர்தான் வேண்டும்.

ஊர் என்றதும் தேன் ஒழுகப் பேசுவதும் ஆபத்து. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பிரஷர் பார்ப்பது நம்பிக்கை தரும் என்றால், அதே பக்கத்து வீடு என்பதால் சொல்லத் தயங்குகிற விஷயங்களும் உண்டு. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று தெருக்குழாயில் பேச்சு வந்துவிடும் என்கிற பயம் வெறும் பயம் இல்லை. ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற கிராமத்தில், எந்தத் தெருப் பெண் எந்தத் தெருக்காரரின் கையில் கருவியைச் சுற்றுகிறார் என்பது மருத்துவக் கேள்வி மட்டுமில்லை. பகலில் வீடு வீடாகப் போனால் கிடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தான். நாற்பது வயது ஆண், சீக்கிரம் மாரடைப்பு வரக்கூடிய ஆள், அந்நேரம் லாரியிலோ தறியிலோ கட்டடத்திலோ இருப்பார். தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் வந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். தறிக்கூடமும் சித்தாள் வேலையும் தொழிற்சாலைக் கணக்கில் வருமா என்பது வேறு கேள்வி.

இதுவரை நோய் வந்தவர்கள் கதை. இன்னும் வராதவர்கள், வரும் விளிம்பில் நிற்பவர்கள் விஷயத்தில் சான்றுகள் கொஞ்சம் கலங்கலாக இருக்கின்றன; அதனாலேயே அவை சுவையானவை.

சர்க்கரை வரும் அபாயத்தைக் கணிக்கச் சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் உருவாக்கிய அளவுகோல் எளிமையானது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இந்த நான்கும் போதும். ரத்தம்கூட எடுக்க வேண்டாம். நூற்றுக்கு 60 வந்தால் அபாயம் அதிகம். அப்படிப்பட்டவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா? சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவு. பேச்சும் மாத்திரையும் சமமாக நின்றன.

ஆனால் அங்கே வழிகாட்டியவர்கள் பயிற்சி பெற்ற நிபுணர்கள். அதே வேலையை ஊர்க்காரர்களே செய்தால்? திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து 1,007 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வாக்குச்சாவடி என்பது நல்ல யோசனை. இந்தியாவில் ஆட்களை இவ்வளவு துல்லியமாகத் தெரு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிற பட்டியல் வேறு ஏது? குழுவுக்குள்ளிருந்தே தலைவர்கள் வந்தார்கள், மாதக்கூட்டம் நடத்தினார்கள், வீட்டுத் தோட்டம் போட்டார்கள், சேர்ந்து நடந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குழுக்களில் 14.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்திருந்தது. மற்ற பகுதிகளில் 17.1. இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் வெற்றி என்று அறிவிக்க முடியவில்லை. காய்கறி, பழம் கூடியது, குடி குறைந்தது, உடல் தெம்பு மேம்பட்டது, அதெல்லாம் உண்மை. சர்க்கரை நின்றதா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு உடலியல் காரணமும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிறவர்களுக்கு நடையும் உணவும் நன்றாகக் கேட்கின்றன. வெறும் வயிற்று அளவு மட்டும் ஏறியிருப்பவர்களுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. சென்னையில் 578 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில், மொத்தத்தில் அபாயம் 32 சதவீதம் குறைந்தது. ஆனால் இந்த இரண்டாம் வகையினரில் 12 சதவீதம்தான். 'எல்லாரும் நடங்க, சர்க்கரை வராது' என்று சொல்கிற மேடைகள் இதைச் சொல்வதில்லை.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கினார்கள். மரமும் தண்ணீரும் பரிசோதனையுமாக நல்ல ஏற்பாடு, நகரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு. நூறு நாள் வேலைக்கு நடந்து போய், வெயிலில் மண் வெட்டி, நடந்து திரும்புகிற பெண்ணுக்கு நடை சிகிச்சை ஆகாது. அவருக்குப் பிரச்சினை தட்டில். ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். பசி ஒழிந்ததில் அதற்குள்ள பங்கைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ள ஊறுகாயோ கருவாடோ. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; ஊறுகாய்த் தட்டு அதை எப்போதோ தாண்டிவிடும். 'சோத்தைக் குறைங்க, காய்கறி சேருங்க' என்று தன்னார்வலர் சொல்லும்போது அவருக்கே தெரியும், தக்காளி விலை என்னவென்று. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று முன்னோட்டம் தொடங்கியது. ஆயிரம் அறிவுரையைவிட அந்த இரண்டு கிலோ மேல்.

இனி கசப்பான பகுதி, சம்பளம். இந்தப் பெண்களின் பெயரிலேயே தன்னார்வலர் இருக்கிறது. தொடக்கத்தில் மாதம் ரூ.4,500 ஊக்கத்தொகை. கேரளத்தில் வாரம் இரண்டு மணி நேரம் தருகிற கடைக்காரருக்குக் கடை இருக்கிறது, அவர் உண்மையிலேயே தன்னார்வலர். இங்கே நாள்தோறும் வீடு வீடாகப் போய், அளந்து, கொடுத்து, செல்போன் செயலியில் ஏற்றி, கூட்டத்துக்குப் போய், விட்டுப்போனவர்களைத் துரத்திப் பிடிக்கிற பெண்ணுக்கு இதுதான் வேலை. வேலை செய்பவரைத் தன்னார்வலர் என்று அழைத்தால் குறைந்தபட்சக் கூலி பேச வேண்டியதில்லை, வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. நாடு முழுவதும் உள்ள ஆஷா என்னும் ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துக் கௌரவித்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் மாதம் ரூ.21,000 கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள், மாதக்கணக்கில். இது தர்மநியாயம் மட்டுமல்ல, நோயாளியின் பிரச்சினையும்கூட. மூன்று வருடம் பழகி, எந்த வீட்டில் யார் மாத்திரையை ஒளித்து வைக்கிறார் என்று தெரிந்த பெண், பக்கத்து ஊர் பனியன் கம்பெனியில் கூடுதல் சம்பளம் கிடைத்துப் போய்விட்டால், பட்டியல் அடுத்தவருக்குப் போகும். பழக்கம் போகாது.

எதை எண்ணுகிறோம் என்பது அடுத்த சிக்கல். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்ததைப் பெரிய செய்தியாக்கினார்கள். 2024 இறுதிக்குள் அது இரண்டு கோடி ஆனது. பயனாளி என்றால் ஒருமுறையாவது சேவை பெற்றவர். அவர் இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாரா, அளவு இறங்கியதா என்பதை அந்த எண் சொல்லாது. சொல்கிற எண் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. 2023-24-இல் நடந்த இரண்டாம் சுற்றில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 7.3-இலிருந்து 17 சதவீதமாகவும், சர்க்கரைக் கட்டுப்பாடு 10.8-இலிருந்து 16.7 ஆகவும் ஏறியிருந்தது. ரத்த அழுத்தத்தில் சில ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். இதில் எவ்வளவு இந்தத் திட்டத்தால் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் விருதைவிட எனக்கு இந்த எண்தான் பெரிது. கோடிக் கணக்கு அறிவிப்புகளுக்கு நடுவில் இது ஏன் அடங்கிப்போகிறது என்பதும் புரிகிறது. 17 என்று சொன்னால் மீதி 83 எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

அதைக் கேட்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலையும் தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்தபின், நம் ஊராட்சியில் பிரஷர், சுகர் பட்டியலில் எத்தனை பேர், போன மாதம் மாத்திரை வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் 140-க்கு 90-க்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி கேட்கலாம். யாருடைய பெயரும் வேண்டாம், எண் போதும். முதல் இரண்டுக்கும் பதில் உடனே வரும். மூன்றாவதற்கு, கிராம சுகாதார செவிலியர் எழுந்து நின்று அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றால், அதைத் தீர்மான நோட்டில் எழுதிவைக்கச் சொல்லலாம்.